பரிஸ் மொடல்

ஸ்ரனிஸ்லஸை நிறஞ்சனா வாயால் அத்தான் என்றுதான் கூப்பிட்டாள். மனதுக்குள் அவளுக்கு அவன் எப்போதும் வெறும் 'அவன்'தான். அக்கா புனிதத்தின் புருஷன். பரிஸில் இருபத்திரண்டு வருஷம். அக்காவையும் பிள்ளைகளையும் அங்கே விட்டுவிட்டு, ஆவணியில் வரும் கோயில் பெருநாளைச் சாட்டி, ஆனி மாதமே தனியாக வந்து இறங்கினான். தங்கியது முல்லைத்தீவில், கடற்கரையோரம் இருந்த நிறஞ்சனாவின் வீட்டில். வந்த முதல் நாளே விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டுக் காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து விரல் நீளத்தில் ஒரு கறுப்புச் சாமானை எடுத்து வாயில் வைத்து உறிஞ்சினான். அதன் நுனியில் நீல வெளிச்சம் வந்தது. பிறகு மூக்காலும் வாயாலும் அவன் விட்ட வெள்ளைப் புகையில் பின்சுவரில் இருந்த மாதா படம் மறைந்துபோயிற்று. வீடெல்லாம் பழுத்த மாம்பழ வாசம்.

"இது சிகரெட் இல்லை நிறஞ்சனா, வேப். அங்க டொக்டர்மாரே இதைத்தான் பிடிக்கினம்."

"அப்பிடியோ அத்தான்."

அவள் சொன்னது அவ்வளவுதான். தேத்தண்ணியை வைத்துவிட்டு உள்ளே போனாள். ஊரெல்லாம் அவன் ஹோட்டல் மனேச்சர் என்று சொல்லித் திரிந்தான். ஒரு சாப்பாட்டுக் கடையின் நிலவறையில் கோப்பை கழுவுகிறான் என்று புனிதம் எப்போதோ ஒரு நாள் போனில் அழுகையோடு சொல்லியிருந்தாள். கோப்பை கழுவுவதில் நிறஞ்சனாவுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அவளே மற்றவர்களுடைய போனில் அப்பிய ஊத்தையைப் பல்லுக் குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்துச் சாப்பிடுகிறவள். கழுவுகிற கையை ஒளித்துவிட்டு மனேச்சர் கையை நீட்டுகிறானே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அதைவிடப் பொறுக்க முடியாதது, அவளுடைய புருஷன் அனிஸ்ரன் அவன் முன்னால் போய்க் குந்தியிருப்பது. அனிஸ்ரன் கடலுக்குப் போகிறவன். விடியமுன் போய்க் காலை எட்டு மணிக்குக் கரைக்கு வந்து, மீனை ஏற்றி அனுப்பிவிட்டுக் குளித்ததும் நேரே விறாந்தைக்கு வந்துவிடுவான். சகலன் சொல்லுகிற பனிக் கதை, ரயில் கதை, வெள்ளைக்காரி கதை எல்லாவற்றையும் தலையாட்டித் தலையாட்டிக் கேட்பான். அண்ணை, அண்ணை என்று ஆயிரம் தரம்.

"ஏன் அந்தாளின்ர வாயைப் பாத்துக்கொண்டிருக்கிறியள்? ஏதும் தருவாரெண்டோ?" என்று ஒரு நாள் குசினிக்குள் வைத்துக் கேட்டாள்.

"சும்மா கதைச்சுக்கொண்டிருக்கிறன்," என்றான் அனிஸ்ரன்.

இந்த மனிசனுக்கு முதுகெலும்பு இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

நிறஞ்சனாவுக்குப் பட்டினத்தில், பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு சின்னக் கடை இருந்தது. ஒரு மேசை, ஒரு பூதக்கண்ணாடி விளக்கு, ஈயம் பற்றவைக்கும் கோல், சுவரில் தொங்கும் வயர்கள். யுத்தம் முடிந்து மீள்குடியேறின காலத்தில் ஒரு நிறுவனம் வந்து ஆறு மாத வகுப்பு நடத்தியது. பெண்களுக்குத் தையல், ஆண்களுக்குப் போன் திருத்தம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். நிறஞ்சனா தையல் வகுப்பில் ஒரு நாள் இருந்து பார்த்தாள். அடுத்த நாள் போன் வகுப்பில் போய்க் கடைசிக் கதிரையில் இருந்துகொண்டாள். எழும்பச் சொன்னார்கள், அவள் எழும்பவில்லை. அந்த வகுப்பில் இருந்த பதினாலு பேரில் இன்றுவரை அந்தத் தொழிலைச் செய்கிறவள் அவள் ஒருத்திதான். இப்போது அந்தக் கரையிலுள்ள படகுகளின் ஜிபிஎஸ், மீன் பார்க்கும் கருவி எல்லாம் உப்புப் பிடித்துச் செத்தால் அவளிடம்தான் வரும். அவள் பற்றவைத்த இடம் விடாது என்று ஆட்கள் சொல்லுவார்கள். அவளுக்கும் அது தெரியும். கொஞ்சம் கூடவே தெரியும்.

ஸ்ரனிஸ்லஸ் வரும்போது ஆறு வேப்புகள் வேறாகக் கொண்டுவந்திருந்தான், ஊர்ச் சினேகிதர்களுக்குக் கொடுக்கவென்று. கூடவே இரண்டு கை நிறையக் காட்றிஜ்களும். காட்றிஜ் என்பது வாய்ப்பக்கம் செருகுகிற சின்னக் கூடு. அதற்குள்தான் வாசத் திரவம் இருக்கும். அது முடிந்தால் எறிந்துவிட்டுப் புதுசு போட வேண்டும். வந்த வேகத்தில் கடற்கரையில் மீனவர் தங்குகிற கொட்டில்களில், வாடிக்கு வாடி போய் எல்லாருக்கும் ஆளுக்கொரு இழுவை இழுக்கக் கொடுத்தான். வலையிலிருந்து மீனைப் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் இழுத்து இருமினார்கள், சிரித்தார்கள், இன்னொரு தரம் கேட்டார்கள். தன் புகையில் மற்றவர்கள் மூழ்குவதைப் பார்க்க அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். மூன்று கிழமையில் கூடுகள் எல்லாம் முடிந்துவிட்டன. அப்படித்தான் அவன் சொன்னான். இந்த நாட்டில் அதை விற்கத் தடை. கொழும்பிலிருந்து களவாக எடுத்துத் தருகிறேன் என்ற ஒருத்தனும் பிறகு போன் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் ஸ்ரனிஸ்லஸ் விஞ்ஞானி ஆனான்.

ஒரு மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்த நிறஞ்சனா குசினி மேசையைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். கேக்குக்குப் போடுகிற அன்னாசி எசென்ஸ், தடிமனுக்கு நெஞ்சில் பூசுகிற யூக்கலிப்ரஸ் எண்ணெய், பார்மசியில் வாங்கின ஏதோ ஒரு பாகு, அவளுடைய தேங்காயெண்ணெய்ப் போத்தல், அவள் கடையிலிருந்து எடுத்துவந்த ஊசிக் குழாய். நடுவில் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டபடி ஸ்ரனிஸ்லஸ். கத்திமுனையால் தோண்டிப் பிளந்த கூடுகள் அவன் முன்னால் நண்டுக்கோது மாதிரிக் கிடந்தன. தலையணைப் பஞ்சைப் பிய்த்து உருட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன அத்தான், கேக் அடிக்கப் போறியளோ?"

"இது கெமிஸ்ற்ரி. உனக்கு விளங்காது," என்றான் அவன். "கடையில வாறதும் உதுதான். பேர் மட்டும் வேற. பொறுத்துப் பார், இஞ்சையே செய்து காட்டுறன்."

அவள் சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய் நின்று சாப்பிட்டாள். இரண்டு பிள்ளை பெற்ற ஐம்பத்தைந்து வயசு மனிசன், தலையணையைக் கிழித்துப் புகை தேடுகிறான். அக்காவை நினைத்தபோது பாவமாக இருந்தது. பிறகு அந்தப் பாவத்திலும் கோபம் வந்தது. இவனுக்குத்தானே அவள் மூன்று வருஷம் காத்திருந்து கழுத்தை நீட்டினவள்.

விஞ்ஞானம் சரிவரவில்லை. நிரப்பின கூட்டைச் செருகி இழுத்தால் சிவப்பு வெளிச்சம் மூன்று தரம் மினுங்கி அணைந்துபோகும். இரண்டு நாள் அதைக் குலுக்கியும் ஊதியும் வெயிலில் வைத்தும் பார்த்தான். மூன்றாம் நாள் காலை பத்து மணியளவில் நிறஞ்சனாவின் கடைக்கு வந்தான். பின்னால் இரண்டு சினேகிதர்கள். கடைக்குள் ஏற்கெனவே கிறகோரி இருந்தான். அனிஸ்ரனோடு ஒரே படகில் போகிறவன். மீன் பார்க்கும் கருவியைத் திருத்தக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தான்.

ஸ்ரனிஸ்லஸ் அவளோடு கதைக்கவில்லை. கிறகோரியைப் பார்த்துத்தான் கதைத்தான்.

"இதுக்குள்ள ஒரு லொக் இருக்கடாப்பா. கொம்பனிச் சாமானைத் தவிர வேற நிரப்பினால் வேலை செய்யவிடாது. அங்க எங்கட வீதி முனையில நிக்கிற பொடியள் ரெண்டு நிமிசத்தில உடைச்சுத் தருவாங்கள். இஞ்ச ஆரிட்டக் கேக்கிறது. போன் கண்ணாடி மாத்திறவைக்கு உது எங்க விளங்கப்போகுது."

கிறகோரி சிரித்தான். அவன் யாரைப் பார்த்துச் சிரித்தான் என்று நிறஞ்சனாவுக்குச் சரியாகத் தெரியவில்லை. அதுதான் அவளைக் குத்தியது. அவள் கருவியை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"தாங்கோ."

"ஏதும் பழுதாக்கிப்போடாத."

"தாங்கோ அத்தான்."

விளக்கின் கீழ் அந்தக் கூட்டைப் பிரித்துப் பார்த்தபோது அவளுக்கு அருவருப்பாக இருந்தது. தலையணைப் பஞ்சு கருகிப்போய் இருந்தது. விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது. திரவத்துக்கு மேல் எண்ணெய் தனியாக மிதந்தது.

"இதுக்குள்ள எண்ணெய் விட்டிருக்கிறியள்."

"வாசத்துக்குச் சொட்டு விட்டனான். அது ஒண்டும் செய்யாது."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. நகத்தளவுத் தகடு ஒன்று அதற்குள் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். அது இரண்டு வேலை செய்கிறது என்று விளங்கிற்று. எத்தனை இழுவை என்று எண்ணுவது ஒன்று. அளவுக்கு மேல் சூடேறினால் நிறுத்துவது மற்றது. இரண்டையும் தாண்டிவிடலாம். மயிர் கனத்தில் ஒரு கம்பி வேண்டும், நடுங்காத கை வேண்டும். அவளிடம் இரண்டும் இருந்தன. சூட்டைத் தடுக்கிற காவலை எடுக்கிறேன் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. சுட்டால் அவனுடைய சொண்டு சுடட்டும் என்று நினைத்தாள். பத்து நிமிஷம் ஆகவில்லை. கூட்டை மூடிச் செருகிக் கொடுத்தாள்.

ஸ்ரனிஸ்லஸ் உறிஞ்சினான். நீல வெளிச்சம் வந்தது. முந்தியதைவிட இரண்டு மடங்கு புகை வந்து கடையை நிறைத்தது. அன்னாசியும் தைலமும் கலந்த அந்த வாசத்தில் ரோட்டால் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ரெண்டு நிமிசத்தில செய்யிற பொடியளுக்குச் சொல்லுங்கோ," என்றாள் நிறஞ்சனா, "இஞ்ச போன் கண்ணாடி மாத்திற ஒருத்தி இருக்கிறாளெண்டு."

இப்போது கிறகோரி யாரைப் பார்த்துச் சிரித்தான் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. ஸ்ரனிஸ்லஸின் காது சிவந்தது. அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இருபத்திரண்டு வருஷத்துப் பரிஸை ஒரு கம்பித் துண்டால் மடக்கிவிட்டேன் என்று பட்டது.

அவன் அடுத்த நாள் மற்ற ஐந்தையும் கொண்டுவந்தான். இந்த முறை குரலில் கொஞ்சம் பணிவு இருந்தது. அந்தப் பணிவு அவளுக்கு இன்னும் இனித்தது. ஐந்தையும் செய்தாள். பற்றவைத்த இடங்கள் கடுகு மாதிரி உருண்டையாக, ஒரே அளவில் வந்தன. உள்ளே எண்ணெய் மிதப்பதை ஐந்திலும் பார்த்தாள். குடிக்கிற மடையர்கள் குடிக்கட்டும், எனக்கென்ன என்று மூடினாள். ஸ்ரனிஸ்லஸ் அவற்றைக் கடற்கரைக்குக் கொண்டுபோய்ப் 'பரிஸ் மொடல்' என்று பேர் வைத்துக் கொடுத்தான். கிறகோரிக்கு ஒன்று, வேறு நாலு படகுக்காரருக்கு நாலு. அவள் செய்தது என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. அதைக் கேள்விப்பட்டும் அவள் சிரித்தாள். பேரைத்தானே திருடினான், கையைத் திருட அவனால் ஏலாது.

ஆறாவது யாரிடம் போனது என்று அவள் யோசிக்கவில்லை. அவன் வைத்திருப்பான் என்று நினைத்தாள்.

ஆடி மாதம் பிறந்து சில நாளில் அனிஸ்ரன் வேலிக்கரையில் நின்று புகை விடுவதைக் கண்டாள். கடலில் காற்றுக்குப் பீடி நிற்காது, இது நிற்கும் என்றான். சகலன் வாயில் வைத்துச் சூப்பினதை வாங்கி இவனும் சூப்புகிறான் என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"பால்போத்தல் சூப்புற பிள்ளை மாதிரி நிக்கிறியள். வெக்கமாயில்லையா?"

அனிஸ்ரன் சிரித்தபடி அதைச் சாறத்து மடிக்குள் செருகினான். வெட்கத்தைத்தான் அவள் சொன்னாள். எண்ணெயைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

இரண்டு கிழமைக்குப் பிறகு அவனுக்கு இருமல் தொடங்கியது. கடற்குளிர் என்றான். பிறகு பின்னேரங்களில் காய்ச்சல் காய்ந்தது. கோப்பி குடித்துவிட்டுப் படுத்தான், விடியமுன் எழும்பிப் போனான். படி ஏறும்போது நின்று மூச்சு வாங்கினான். நிறஞ்சனா அதைக் கண்டாள். வயசு போகுது, இரவிரவாகச் சகலனோடு இருந்து கதையளந்தால் இப்படித்தான் என்று சொன்னாள்.

ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிறகோரி கடை வாசலில் வந்து நின்றான். ஈரச் சாறம், கால் முட்ட மணல்.

"அக்கா, கடையைப் பூட்டுங்கோ. அனிஸ்ரன் அண்ணையை ஆஸ்பத்திரியில விட்டிட்டு வாறன். வலை வளைக்கேக்க விழுந்திட்டார். மூச்சு விட ஏலாமக் கிடந்தவர்."

அவள் போனபோது அனிஸ்ரனின் முகத்தில் ஒட்சிசன் மூடி இருந்தது. நகம் நீலம் பாரித்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் கதைக்க முடியவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே போய் வந்தது. டொக்டர் சுமித்திரா வவுனியாப் பக்கத்து ஆள், முப்பது வயசு இருக்கும், கதை குறைவு. எக்ஸ்றேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு நிறஞ்சனாவிடம் கேட்டா.

"இவர் என்ன புகைக்கிறவர்?"

நிறஞ்சனா வாய் திறக்கமுன் ஸ்ரனிஸ்லஸ் பின்னால் இருந்து பதில் சொன்னான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. வெளுத்த சேர்ட், கூலிங் கிளாஸ்.

"வேப் டொக்டர். பிரான்ஸ் ஒறிஜினல். நானும் அதைத்தான் பிடிக்கிறன், எனக்கு ஒண்டும் இல்லை. இவருக்கு முந்தியே சளி இருந்தது."

"அதை ஒருக்காப் பாக்கலாமோ?"

"படகில விழுந்து தொலைஞ்சுபோச்சு போல."

தொலையவில்லை. செவிலி கொடுத்த பையில், அனிஸ்ரனின் ஈரச் சாறத்தின் மடிக்குள் அது இருந்தது. நிறஞ்சனா அதை எடுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனாள். பாதிக் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, கூட்டைப் பிரித்தாள். உள்ளே கடுகு மாதிரி உருண்டையாக, ஒரே அளவில் அவளுடைய கை இருந்தது. சூட்டுக் காவல் இல்லாத தகடு கறுத்துப் பொரிந்திருந்தது. பஞ்சில் எண்ணெய் காய்ந்து பிசினாகியிருந்தது. எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அவளுக்கு ஞாபகம் இல்லை. பிறகு எல்லாவற்றையும் ஒரு சின்னப் பைக்குள் போட்டுக்கொண்டு எழும்பினாள்.

ஆஸ்பத்திரி வாசலில், வாகை மரத்தடியில் ஸ்ரனிஸ்லஸ் நின்று புகை விட்டுக்கொண்டிருந்தான். மாம்பழ வாசம்.

அந்த வாசம் அவளை நிறுத்தியது. அன்னாசி இல்லை, தைலம் இல்லை. முதல் நாள் விறாந்தையில் வந்த அதே வாசம். அவள் கிட்டப்போய், அவன் விரலிடுக்கிலிருந்து அதை எடுத்தாள். அவன் எதிர்பார்க்கவில்லை, விட்டுவிட்டான். கூட்டை இழுத்துக் கையில் உருட்டிப் பார்த்தாள். கத்தி படாத கூடு. கொம்பனி முத்திரை அப்படியே இருந்தது.

"முடிஞ்சுதெண்டு சொன்னியள்."

"ஒண்டு ரெண்டு கிடந்தது."

"எத்தினை கிடக்கு அத்தான்?"

அவன் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டான்.

"நீங்கள் செய்ததை நீங்கள் குடிக்கேல்லையோ?"

"எனக்கு அந்த எண்ணெய் வாசம் ஒத்துக்கொள்ளாது," என்றான் ஸ்ரனிஸ்லஸ். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு விளங்கிற்று போல. கூலிங் கிளாஸை எடுத்துத் துடைத்தான். "பூட்டை உடைச்சுக் குடுத்தது நீதானே. நான் வாசம் மட்டும்தான் விட்டனான். டொக்டரிட்டப் போய்த் தேவையில்லாமக் கதைச்சியெண்டால் உனக்குத்தான் பிரச்சினை."

இதற்கு முன் அவள் அவனை வெறுத்ததெல்லாம் ஒரு விளையாட்டுப் போலத் தோன்றியது. இப்போது அவனுடைய முகத்தில் பார்க்க ஒன்றுமே இல்லை என்று பட்டது. கூட்டை அவன் சட்டைப் பைக்குள் திருப்பிப் போட்டாள், சாப்பாட்டுக் கடையில் மிச்சக் காசு வைப்பது மாதிரி. ஆனால் அவன் சொன்னதில் பாதி சரி. அதுதான் அவளை எரித்தது. அற்பன் ஒருத்தன் வாயிலிருந்து வந்தாலும் உண்மை உண்மையாகவே இருந்தது.

அவள் உள்ளே போனாள். டொக்டர் சுமித்திராவின் மேசையில் பையைக் கவிழ்த்தாள்.

"இதுக்குள்ள எண்ணெய் விட்டிருக்கு. தேங்காயெண்ணெயும் யூக்கலிப்ரஸ் எண்ணெயும். கூடுதலாச் சூடாகாம நிப்பாட்டுற பகுதியையும் எடுத்திருக்கு."

டொக்டர் பேனா முனையால் தகட்டைத் திருப்பிப் பார்த்தா. "இதை ஆர் செய்தது? கடையில செய்ததோ? நல்ல துப்புரவான வேலை."

"நான்தான் செய்தனான்," என்றாள் நிறஞ்சனா. "எண்ணெய் விட்டது என்ர அத்தான். எண்ணெய் கிடக்கிறதைக் கண்டுகொண்டுதான் மூடினனான்."

டொக்டர் ஒரு கணம் அவளைப் பார்த்தா. ஏசுவா என்று நிறஞ்சனா காத்திருந்தாள். ஏசியிருந்தால் நல்லதாக இருந்திருக்கும். டொக்டர் எழுதத் தொடங்கிவிட்டா.

"எண்ணெய் ஆவியாப் போய்ச் சுவாசப்பையில படிஞ்சிருக்கு. தண்ணி மாதிரி வத்தாது. உடம்பு மெல்ல மெல்லத்தான் எடுக்கவேணும். இப்ப சொன்னது நல்லது, மருந்தை மாத்தலாம். வேற ஆரிட்ட இது இருக்கு?"

"அஞ்சு பேரிட்ட."

"இண்டைக்கே வாங்கிப்போடுங்கோ. இருமல் உள்ள ஆக்களை இஞ்ச வரச் சொல்லுங்கோ."

அன்று மத்தியான வெயிலில் அவள் வாடிக்கு வாடி நடந்தாள். கிறகோரி ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தான். அவன் அதிகம் பாவித்திருக்கவில்லை. மற்ற நாலு பேரிடமும் விஷயத்தைச் சொல்லித்தான் வாங்க வேண்டியிருந்தது. நீ செய்ததா, அவன் கொண்டுவந்தது என்றல்லவா சொன்னான் என்று ஒருத்தர் கேட்டார். ஓம், நான் செய்தது என்றாள். இன்னொருத்தரின் மனைவி வாசலில் நின்று, படிச்ச கொழுப்பு என்று அவள் காதுபடச் சொன்னாள். நிறஞ்சனா திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களில் ஒருவருக்கு மட்டும் நெஞ்சுச் சளி இருந்தது. அவரையும் மகன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான்.

அவள் வீட்டுக்கு வந்தபோது ஸ்ரனிஸ்லஸின் பெட்டி விறாந்தையில் நின்றது. பெருநாளுக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. கொழும்பில் அவசர வேலை என்றான். அவள் வான் பிடித்துக் கொடுத்தாள். வான் வரும்வரை அவன் ரோட்டில் நின்றான். அவள் தேத்தண்ணி வைக்கவில்லை.

ஏழாம் நாள் அனிஸ்ரனுடைய மூடியைக் கழற்றினார்கள். கதைத்தால் இளைத்தது, ஆனாலும் கதைத்தான். முதலில் கேட்டது ஸ்ரனிஸ்லஸைத்தான்.

"அண்ணை எங்க?"

"போயிட்டார்."

"சாப்பிட்டவரோ போகேக்க?"

நிறஞ்சனாவுக்கு வந்த கோபத்தை அவள் அடக்கிக்கொண்டாள். "ஏன் உங்களுக்கு அந்தாளில இவ்வளவு கரிசனை? என்ன கண்டியள் அந்தாளிட்ட?"

அனிஸ்ரன் மூச்சு எடுத்துக்கொண்டு சொன்னான். "ஆரும் கேக்காட்டி அந்த மனிசன் என்னத்தைச் செய்யிறது. அந்தக் கதையள் பொய்யெண்டு எனக்கும் தெரியும். அங்க கோப்பை கழுவுறதெண்டு எனக்கு ஒரு நாள் சொன்னவர், அழுதவர். உனக்குச் சொல்லவேண்டாமெண்டவர். நீ சிரிப்பாயெண்டு."

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்ல வேண்டியதை இப்போதே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள்.

"இஞ்சருங்கோ. அந்தக் கூட்டில பூட்டை எடுத்தது நான். எண்ணெய் கிடந்ததும் எனக்குத் தெரியும்."

"பூட்டு எடுத்தது தெரியும்," என்றான் அனிஸ்ரன். "திறந்து பாத்தனான். உன்ர கை வேலை எனக்குத் தெரியாதோ. எண்ணெய்தான் தெரியாது." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "அண்ணை செய்ததெண்டால் தொட்டிருக்கமாட்டன் நிறஞ்சனா. நீ செய்ததெண்டபடியால்தான் நம்பிப் பிடிச்சனான்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. சும்மா, நடந்ததைச் சொல்லுகிற குரலில் சொன்னான். பிறகு களைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். நிறஞ்சனா வார்டைவிட்டு வெளியே வந்து, தண்ணிப் பைப்படியில் முகத்தைக் கழுவினாள். திரும்பத் திரும்பக் கழுவினாள். பின்னால் நின்ற பெண் ஒருத்தி, தங்கச்சி மற்றவையும் நிக்கினம் என்று சொல்லும்வரை கழுவிக்கொண்டிருந்தாள்.

பெருநாள் வந்து போனது. அதற்கு அடுத்த கிழமை புனிதம் பரிஸிலிருந்து போன் எடுத்தாள். குரலிலேயே அழுத களைப்புத் தெரிந்தது.

"அவர் இஞ்ச எல்லாருக்கும் சொல்லித் திரியிறார், நீ ஏதோ செய்து குடுத்துத்தான் அனிஸ்ரனுக்கு இப்பிடி வந்ததெண்டு. உண்மையோ?"

"ஓம் அக்கா."

புனிதம் இதை எதிர்பார்க்கவில்லை. இல்லை என்று தங்கை கத்துவாள், அதை வைத்துப் புருஷனோடு சண்டை பிடிக்கலாம் என்று நினைத்திருப்பாள். "அவர் ஒண்டும் செய்யேல்லையோ?"

"எண்ணெய் விட்டது அவர். நல்லதைத் தனக்கு ஒளிச்சு வச்சிட்டு எண்ணெய் விட்டதை மற்றவைக்குக் குடுத்தவர். அதையும் அங்க எல்லாருக்கும் சொல்லச் சொல்லு." பிறகு, "நான் செய்ததை நான் சொல்லுறன்," என்றாள்.

ஸ்ரனிஸ்லஸை அவள் மன்னிக்கவில்லை. இன்றுவரை மன்னிக்கவில்லை. அவன் பேர் வந்தால் அவள் முகம் சுளிப்பதை இப்போதும் காணலாம். ஆனால் அந்தச் சுளிப்பில் முந்தின சுகம் இல்லை.

புரட்டாதி கடைசியில் டொக்டர் அனிஸ்ரனைக் கடலுக்குப் போகலாம் என்று விட்டா. ஆழத்துக்கு வேண்டாம், நாயாற்றுக் களப்புப் பக்கம் போய் வரட்டும் என்றா. போவதற்கு முதல் நாள் பின்னேரம் அவன் கடைக்கு வந்தான். கதவடியில் நின்று மூச்சை ஆறவிட்டு உள்ளே வந்தான். மெலிந்திருந்தான், சேர்ட் தோளில் தொங்கியது. படகின் ஜிபிஎஸ்ஸை அவள் திருத்தி வைத்திருந்தாள். உப்பேறின இரண்டு வயரை மாற்றிப் புதுசாகப் பற்றவைத்திருந்தாள். எடுத்துக் கொடுத்தாள்.

முந்தியெல்லாம் அவன் அதை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுவான். இன்றைக்கு மேசையில் வைத்து அதன் சுவிச்சைப் போட்டான். திரையில் வெளிச்சம் வரும்வரை காத்திருந்தான். நிறுத்திவிட்டுத் திரும்பவும் போட்டான். பின்பக்கத்தைத் திருப்பி, பற்றவைத்த இடத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தான்.

அவன் நன்றாகப் பார்க்கட்டும் என்று நிறஞ்சனா பூதக்கண்ணாடி விளக்கை அவன் பக்கம் திருப்பிவிட்டாள்.